பீடிக் கணக்கையும் கேளுங்கள்

காலை பதினொன்றரை. ஆய்வகத்திலிருந்து சீட்டு வந்திருக்கிறது: குளோசபைன் 912. டியூட்டி டாக்டர் உங்களைப் பார்த்து, "டோஸைப் பாதியாக்கிடலாமா?" என்கிறார். மனநல வார்டில் கிளினிக்கல் பார்மசிஸ்டாக நீங்கள் சேர்ந்து இது இரண்டாவது வாரம். படித்தது நினைவுக்கு வருகிறது. உகந்த அளவு மில்லிலிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராம். ஆயிரத்தைத் தொட்டால் ஆபத்து. 912 என்றால் 'சரி டாக்டர்' என்று சொல்லத்தான் வாய் வரும்.

சொல்லாதீர்கள். நேராக நர்ஸிடம் போய், "சிஸ்டர், ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தீங்க? காலை மாத்திரைக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேளுங்கள். "மாத்திரை கொடுத்துட்டு, டிபன் ஆனதும் எடுத்தோம்" என்று பதில் வந்தால் அந்த 912ஐக் குப்பையில் போட்டுவிடலாம். குளோசபைன் விழுங்கி இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். 350, 600 என்ற வரம்போ கடைசி டோஸ் முடிந்து 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்கானது. மலை உச்சியை அளந்துவிட்டு, அடிவாரத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பயந்திருக்கிறோம்.

இந்த வேலையின் முக்கால்வாசி இப்படித்தான். எண்ணை நம்புவதற்கு முன்னால் அதன் கதையைக் கேட்க வேண்டும். பார்ம்.டி. படிப்பு நம் நாட்டுக்கு 2008இல் வந்தது. ஆறு வருடம் படித்துவிட்டு வருகிறவர்களில் மனநல வார்டை ஆசைப்பட்டுக் கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஐ.சி.யூ.தான் எல்லோருக்கும் கனவு. ஆனால் ஒரு பார்மசிஸ்ட் கேட்கும் ஒரே கேள்வியால் ஒரு மனிதனின் அடுத்த ஆறு மாதம் மாறக்கூடிய இடம் இது.

நேரம், நாள், அலகு

ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை என்றால் மறுநாள் காலை ஒன்பதுக்கு ரத்தம். காலை டோஸ் ரத்தம் எடுத்த பிறகுதான். ஓ.பி.யில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம். வெளியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர் கிளம்பும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். முந்தைய தடவை வரும்போதே, "அடுத்த வாட்டி காலை மாத்திரையைக் கையில எடுத்துட்டு வாங்க, இங்க ரத்தம் கொடுத்துட்டுப் போட்டுக்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். மாதம் ஒருமுறை போடும் நீண்ட நாள் ஊசிகளுக்கு அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும்.

டோஸ் மாற்றிய மறுநாளே லெவல் பார்ப்பதும் வீண் செலவு. உடம்பில் மருந்து ஒரு நிலைக்கு வந்து நிற்க அதன் அரை ஆயுளைப் போல ஐந்து மடங்கு காலம் ஆகும். குளோசபைனுக்கு ஐந்து முதல் ஏழு நாள், ஒலான்சபைனுக்கு ஒரு வாரம். அரிபிப்ரசோலின் அரை ஆயுளே 75 மணி நேரம் என்பதால் அதற்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

அலகையும் பாருங்கள். சில அறிக்கைகள் நானோமோலில் வரும். குளோசபைனுக்கு 1,070 நானோமோல் என்றால் அது 350 நானோகிராம்தான். இதை அறியாமல் பதறியவர்களில் நானும் ஒருவன்.

எந்த மருந்துக்கு எது வரம்பு என்பதற்கு ஜெர்மன் பேசும் நாடுகளின் ஏ.ஜி.என்.பி. குழு வெளியிட்ட வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் முதலில் வந்தது, 2017 பதிப்பைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு ஒலான்சபைன் 20 முதல் 80 நானோகிராம், ஹாலோபெரிடால் 1 முதல் 10, ரிஸ்பெரிடோனை அதன் சிதைபொருளோடு சேர்த்து 20 முதல் 60. இவை நோயாளிக் கூட்டத்துக்கான எண்கள். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் 300இல் நன்றாக இருந்து வேலைக்குப் போகிறார் என்றால் அவரை 350க்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஒரு கட்டு பீடி

இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38. குளோசபைன் நாளுக்கு 400 மில்லிகிராம். வீட்டிலிருந்தபோது லெவல் 380. நன்றாகவே இருந்தவர், வேறு காரணத்துக்காக வார்டில் சேர்கிறார். வார்டில் புகைக்க அனுமதி இல்லை. எட்டாம் நாள் காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறது, நடந்தால் தள்ளாடுகிறார். சரியான நேரத்தில் எடுத்த லெவல் 690. டோஸ் அதே 400. மாத்திரையை வீட்டில் மறைத்திருப்பார், இங்கே கண்காணிப்பில் ஒழுங்காக விழுங்குகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள்.

சந்தேகம் நியாயமானதுதான், அப்படியும் நடக்கும். ஆனால் அவருடைய அம்மாவைக் கேளுங்கள்.

"வீட்டுல பீடி குடிப்பாராம்மா?"

"கொஞ்சந்தான் சார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு."

அந்தக் கட்டுதான் விடை. புகையிலை எரியும்போது உண்டாகும் ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் 1ஏ2 என்ற என்சைமைத் தூண்டிவிடுகின்றன. குளோசபைனைச் சிதைத்து வெளியேற்றும் பெரிய வேலை அந்த என்சைமுடையது. நாளைக்கு ஏழெட்டு முதல் ஒரு டஜன் சிகரெட் இருந்தாலே தூண்டல் ஏறக்குறைய முழு வேகத்துக்கு வந்துவிடும். புகை நின்றால் சில நாட்களிலேயே என்சைம் அடங்கிவிடுகிறது. அதே டோஸில் லெவல் ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரண்டு மடங்கு ஆகிறது.

இதைத் தூண்டுவது நிக்கோடின் அல்ல, புகை. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிக்கோடின் சூயிங்கம் கொடுப்பதால் லெவல் பழையபடி இறங்கிவிடாது. வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவருக்கு இந்தத் தூண்டல் கிடையாது. கஞ்சா புகைப்பவருக்கு உண்டு. அதை அம்மா இருக்கும்போது கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. குளோசபைனும் ஒலான்சபைனும்தான் முக்கியம். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், அரிபிப்ரசோல் வேறு என்சைம்களை நம்பியிருக்கின்றன, பீடி அவற்றைத் தொடுவதில்லை.

நம் நோயாளிக்குத் திரும்புவோம். பிரிட்டனின் மாட்ஸ்லி வழிகாட்டி சொல்வது: புகை நிறுத்துவதற்கு முன் ஒரு லெவல், ஒரு வாரத்தில் படிப்படியாகச் சுமார் கால் பங்கு டோஸ் குறைப்பு, அப்புறம் மறுபடி ஒரு லெவல். அவருக்கு டோஸ் 300 ஆகிறது. லெவல் 510. எச்சில் குறைகிறது, காலையில் எழுகிறார், டிஸ்சார்ஜும் ஆகிறார். கதை முடியவில்லை. வீட்டுக்குப் போய் மூன்றாம் வாரம் மறுபடி குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. "மாத்திரையை நான்தான் கையால கொடுக்கறேன் சார்" என்று அம்மா அழுகிறார். அவர் சொல்வது உண்மை. லெவல் 285. பீடி திரும்பிவிட்டது, டோஸ் திரும்பவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். லெவலை டோஸால் வகுங்கள். வீட்டில் 380ஐ 400ஆல் வகுத்தால் 0.95. வார்டில் 690க்கு 1.7, 510ஐ 300ஆல் வகுத்தாலும் அதே 1.7. திரும்ப வீட்டில் 285க்கு மறுபடி 0.95. டோஸ் மாறினாலும் இந்த விகிதம் அந்தந்த இடத்தில் அசையவில்லை. விகிதம் மாறுகிறது என்றால் உடம்பு மருந்தைக் கையாளும் விதம் மாறியிருக்கிறது, அல்லது மாத்திரை உள்ளே போகவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மருந்துக் கம்பெனி கொடுக்கும் எந்த அட்டவணையையும்விட உங்களுக்கு அது உதவும்.

காப்பியையும் மறக்க வேண்டாம். காஃபீனும் அதே 1ஏ2 என்சைமில் போட்டியிடுவதால், நாளைக்கு ஐந்தாறு டம்ளர் காப்பி குடிப்பவருக்குக் குளோசபைன் சற்று ஏறியிருக்கும். வார்டில் காப்பி ஒரு வேளையாகச் சுருங்கினால் லெவல் இறங்கும். பீடி நின்று ஏறுவதும் காப்பி நின்று இறங்குவதும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் நடக்கலாம். அதனால்தான் ஊகிக்காமல் அளக்கச் சொல்கிறேன்.

காய்ச்சல் வந்த நாள்

குளோசபைன் நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் எல்லோர் கையும் முதலில் வெள்ளணு எண்ணிக்கைக்குப் போகும். போகத்தான் வேண்டும். 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் வெள்ளணு அறவே குறைந்து நோயாளிகள் இறந்த பிறகு பல நாடுகளில் அது முடக்கப்பட்டது. 1989இல் அமெரிக்க அனுமதி கிடைத்தபோது ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடுதான் கிடைத்தது. அந்தப் பயம் நம் தொழிலின் ரத்தத்தில் ஊறியது.

ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்றதும் நிம்மதியாகிவிடுகிறோமே, அங்கேதான் தவறு. கடுமையான தொற்றில் உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருள்கள் 1ஏ2 என்சைமை அமுக்கிவிடுகின்றன. நிமோனியா வந்தவருக்கு டோஸ் மாறாமலே லெவல் இரண்டு, மூன்று மடங்கு ஏறலாம். இதோடு இன்னும் இரண்டு சேரும். இருமலில் பீடி பிடிக்க முடியாமல் அவராகவே நிறுத்தியிருப்பார். சிறுநீர்த் தொற்று என்றோ வயிற்றுப்போக்கு என்றோ யாராவது சிப்ரோஃப்ளாக்ஸசின் எழுதியிருப்பார்கள். அதுவும் 1ஏ2 என்சைமை அடைக்கிறது. தொற்று, புகை நிறுத்தம், சிப்ரோ மூன்றும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. அப்போது வரும் மயக்கத்தைக் காய்ச்சல் அசதி என்று வீட்டில் படுக்கவைத்துவிடுவார்கள்.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. 2020 ஆகஸ்டில் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. புகை நிறுத்தும்போது, மின்சிகரெட்டுக்கு மாறும்போது, நிமோனியா போன்ற கடுந்தொற்றின்போது, மோதும் மருந்து சேரும்போது, நச்சு அறிகுறி தெரியும்போது லெவல் பாருங்கள் என்றது. அதை அச்செடுத்து வார்டு சுவரில் ஒட்டுவது பெரிய செலவில்லை.

பக்கத்து மருந்துக் கடையின் சீட்டு

கேஸ் ஷீட்டில் இருக்கும் மருந்தை மட்டும் பார்த்துவிட்டு 'மோதல் இல்லை' என்று எழுதுகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். மோதும் மருந்து பெரும்பாலும் வேறு டாக்டரின் சீட்டில் இருக்கும், அல்லது சீட்டே இல்லாமல் கடையில் வாங்கியதாக இருக்கும். "எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லுங்கள். பையைக் கொட்டினால் தெரியும்.

முதலில் ஏற்றிவிடும் மருந்துகள். ஃப்ளூவாக்ஸமின் வந்தால் எழுந்து நில்லுங்கள். மனநல மருத்துவரே எண்ணச்சுழல் நோய்க்கு எழுதக்கூடிய மாத்திரைதான் இது. குளோசபைனை ஐந்து மடங்கு, அதற்கு மேலும் ஏற்றிவிட்ட நேர்வுகள் உண்டு. ஃப்ளூவாக்ஸமினோ சிப்ரோவோ சேர்த்தே ஆக வேண்டுமென்றால் குளோசபைனை மூன்றில் ஒரு பங்காக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு.

அடுத்து நம் ஊர் வெயிலும் வேர்வையும் கொண்டுவருவது: படர்தாமரை. தோல் டாக்டர் வாரக்கணக்கில் இட்ராகொனசோலோ டெர்பினஃபினோ எழுதுவார். இட்ராகொனசோல் 3ஏ4 என்சைமை அடைக்கிறது. குவெட்டியாபினுக்கு இது பெரிய இடி. இப்படிப்பட்ட அடைப்பான்களோடு கொடுத்தால் டோஸை ஆறில் ஒரு பங்காக்கச் சொல்கிறது குறிப்பு. லுராசிடோனோடு சேர்க்கவே கூடாது. டெர்பினஃபின் 2டி6 என்சைமை அடைத்து ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் பக்கம் வேலை காட்டும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில். அரிப்புக்கு மாத்திரை சாப்பிட்டவர் கைநடுக்கத்தோடு வந்து நிற்கும்போது இந்தத் தொடர்பு யாருக்கும் தோன்றாது. உங்களுக்குத் தோன்ற வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடினும் பராக்ஸெடினும் இதே 2டி6 கூட்டம்.

இனி இறக்கிவிடுகிறவை. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிடாயின் இரண்டும் குவெட்டியாபினை இருக்கும் இடம் தெரியாமல் ஆக்கிவிடும். ஃபெனிடாயினோடு குவெட்டியாபின் ஐந்து மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. குளோசபைனோடு கார்பமசெபின் வேண்டவே வேண்டாம். லெவலையும் குறைக்கும், வெள்ளணுவையும் குறைக்கக்கூடியது.

காசநோய் இருக்கும் நம் நாட்டில் ரிஃபாம்பிசினுக்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும். ஆறு மாதச் சிகிச்சை தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ஹாலோபெரிடால், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், குளோசபைன் எல்லாமே சரியும். அதற்கேற்ப டாக்டர் டோஸ் ஏற்றுவார். நோயாளி தேறுவார். காசநோய்ச் சிகிச்சை முடிந்த நாளில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், ஏற்றிய டோஸை இறக்க ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. தூண்டல் இரண்டு வாரத்தில் அடங்கியதும் அதே டோஸ் விஷமாகிறது. ரிஃபாம்பிசின் முடியும் தேதியை உங்கள் காலண்டரில் இன்றே குறித்துவையுங்கள்.

கணினி எச்சரிக்கை எல்லாவற்றையும் டாக்டரிடம் கொண்டுபோகாதீர்கள். கிரேப்ஃப்ரூட் பழச்சாறு பற்றி மென்பொருள் விடாமல் கூவும், நம் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? நாளைக்கு இருபது எச்சரிக்கை சொல்பவரின் இருபத்தோராவது எச்சரிக்கையை யாரும் கேட்க மாட்டார்கள். லெவல் ஏறாமலேயே வரும் ஆபத்து வேறு வகை. லோரசிபாமோடு தூக்கம் கூடுவது, இதயத் துடிப்பின் க்யூ.டி. நீளுவது இவற்றை ரத்த அளவு காட்டிக்கொடுக்காது, ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆள் எப்படி?

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் குளோசபைன், ஒலான்சபைன் லெவல் அதே டோஸில் கூடுதலாக நிற்கும். எஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை குளோசபைனை இன்னும் ஏற்றும். ஆசிய வம்சாவளியினருக்கு மேல்நாட்டுப் புத்தக டோஸ் பல நேரங்களில் தேவைப்படுவதே இல்லை. கர்ப்பத்தில் மருந்துக்கு மருந்து திசை மாறும்: குவெட்டியாபினும் அரிபிப்ரசோலும் கடைசி மூன்று மாதத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம், குளோசபைனைச் சிதைக்கும் 1ஏ2 என்சைமோ அப்போது மந்தமாகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அமிசல்பிரைடும் பாலிபெரிடோனும் தேங்கும். அவை கல்லீரலை அதிகம் நம்பாதவை.

சாப்பாடு லுராசிடோனுக்கு முக்கியம். குறைந்தது 350 கலோரி உணவோடு விழுங்கினால்தான் முழுதாக உறிஞ்சப்படும், வெறும் வயிற்றில் பாதிதான். "சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்று சீட்டில் எழுதினால் போதாது. ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் அவருக்குச் சாப்பாடுதான். "மூணு, நாலு இட்லி, சட்னி சாம்பாரோட" என்று சொல்லுங்கள்.

லெவல் மிகக் குறைவாக வந்தால் முதல் சந்தேகம் மாத்திரையை விட்டுவிட்டாரா என்பதாக இருக்கட்டும். திட்டாமல் கேளுங்கள், மிச்சம் இருக்கும் அட்டையை எண்ணுங்கள். குளோசபைனை இரண்டு நாளுக்கு மேல் விட்டவருக்குப் பழைய டோஸை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது தெரியாமல் 400ஐ ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

சுருக்கமாக, எழுத்தில். "குளோசபைன் 690. 12 மணி நேர அளவு, 400 மி.கி. எட்டு நாளாகப் பீடி இல்லை. புதிய மருந்து இல்லை, காய்ச்சல் இல்லை. யோசனை: ஒரு வாரத்தில் படிப்படியாக 300 மி.கி.; அதன்பின் ஒரு வாரத்தில் மறு லெவல்." இவ்வளவுதான். எண், அதன் நேரம், என்ன மாறியது, என்ன செய்யலாம், எப்போது மறுபடி பார்ப்பது. முடிவு அவருடையது. 'கவனிக்கவும்' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசும்போது இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பீடியை விடுவது நல்லதுதான், ஆனால் விடுவதற்கு முன்னால் எங்களிடம் சொல்லுங்கள், டோஸை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகும் குளோசபைன், ஒலான்சபைன் நோயாளிகளின் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். 'பீடி, சிகரெட் மறுபடி தொடங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வேறு டாக்டர் மாத்திரை கொடுத்தாலோ உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்' என்ற வரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அவர் பஸ் ஏறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.